மாட்டிறைச்சி காய்கறி சூப்பில் கறியும் காயும் பதமாக வேக என்ன செய்ய வேண்டும்?

கறி வேகும்வரை காத்திருந்தால் காய்கள் குழைந்துவிடுகின்றன, காய்களைப் பார்த்து இறக்கினால் கறி சவ்வாக இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பதே இதற்குக் காரணம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் இந்தச் சூப்பை மாட்டிறைச்சியிலும், அது ஆகாத தோட்டத்து உறவினர்கள் விருந்துக்கு வரும்போது ஆட்டுக்கறியிலும் வைக்கிறோம். நேரம் மட்டுமே மாறும்.

கறியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சுவை இருக்கிறது. கொழுப்பற்ற மென்மையான துண்டுகளைப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அவை நெடுநேரம் கொதித்தால் நார்நாராக உலர்ந்துவிடும். நரம்பும் சவ்வும் ஓடும் கால் சதையைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்லிய சூட்டில் மெதுவாக ஜெலட்டினாகக் கரைந்து, மாவு எதுவும் சேர்க்காமலேயே சாற்றுக்குத் திடம் தருகிறது. உறைந்த கறியாக இருந்தால் முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள்.

ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ எலும்பும் மூன்று லிட்டர் தண்ணீரும் போதும். பச்சைத் தண்ணீரிலேயே கறியைப் போட்டு அடுப்பை ஏற்றி, மேலே திரளும் நுரையை முழுவதுமாக எடுத்துவிட்டு, அதன் பிறகே தட்டிய இஞ்சி, பூண்டு, பாதி உப்பு, துணியில் கட்டிய மசாலா ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அந்த முடிச்சில் ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி, சோம்பும் சீரகமும் மிளகும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு துண்டுப் பட்டை, நான்கு கிராம்பு, நான்கு ஏலக்காய், இரண்டு அன்னாசிப்பூ இருக்கட்டும். மலாய்க்காரர்கள் 'சூப் புஞ்சுட்' என்று விற்கும் பொட்டலமும் ஏறக்குறைய இதுதான். அவசரத்திற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பிறகு தீயைக் குறைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவில் மாட்டிறைச்சியை இரண்டரை மணி நேரமும், ஆட்டுக்கறியை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமும் விடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும். பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான், ஆயினும் நேரம் கிடைக்கும் நாளில் நான் திறந்த சட்டியையே பரிந்துரைப்பேன்.

கரண்டியால் அழுத்தினால் கறி பிரியும் பதம் வந்த பிறகே காய்களுக்கு வேலை. பெரிதாக நறுக்கிய உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி ஆகியவற்றைப் போட்டு 15 நிமிடம் கழித்து முட்டைக்கோஸ் சேர்த்து, கிழங்கு வெந்ததைக் குத்திப் பார்த்து உறுதிசெய்த பின்னர் தக்காளியைப் போடுங்கள். தக்காளியின் புளிப்பு முன்பே இறங்கினால் கிழங்கு வேகத் தாமதமாகும். கேமரன் மலைக் காய்கள் காலைச் சந்தைக்கு வரும் ஊரில் இருப்பவர்கள் உறைந்த காய்கறிக் கலவையை வாங்க வேண்டியதில்லை.

மீதி உப்பைச் சுவைபார்த்துச் சேர்த்து, இறக்கும்போது சூப் இலையும் (செலரி இலை) வெங்காயத் தாளும் பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயமும் தூவுங்கள். மிஞ்சியதை நம் ஊர் வெக்கையில் அடுப்பிலேயே விட்டுவைக்காமல், சிறு பாத்திரங்களில் ஊற்றி ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் சாறு கட்டியாக உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது கரைந்த ஜெலட்டின்தான். மேலே படிந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறலாம்.