ஒரு சிறிய நாடு செழிக்க நெடுங்காலம் ஆளும் ஒற்றைத் தலைவர் தேவையா?

சிங்கப்பூரை எடுத்துக்காட்டி, லீ குவான் யூ போன்ற ஒருவர் பல பத்தாண்டுகள் ஆட்சியில் இருந்தால்தான் சிறிய நாடு முன்னேறுமா, அல்லது நல்ல பொருளாதாரச் சீர்திருத்தங்கள் இருந்தால் யார் ஆண்டாலும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வகுப்பில் வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் இந்தியப் பெருங்கடலில் உள்ள தீவு நாடான மொரீசியஸைப் பற்றித்தான் பேசுகிறேன். சிறு வயதில் உறவினர் ஒருவர் கொண்டுவந்த அந்நாட்டு ரூபாய்த் தாளில் அதன் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அந்தத் தீவின் கதையை நான் விடாமல் படித்து வருகிறேன்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1961இல் மொரீசியஸைப் பற்றி எழுதியபோது, அதன் எதிர்காலத்தில் பெரிய நம்பிக்கை எதையும் அவர் காணவில்லை. பிரதான தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. ஏற்றுமதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சர்க்கரையாக இருக்க, அந்தக் கரும்பையும் 1960இல் வீசிய புயல்கள் நாசமாக்கியிருந்தன. விடுதலைக்கு முந்தைய 1967 தேர்தலில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் விடுதலையை எதிர்த்த அணியையே ஆதரித்தார்கள். 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸில் இனக்கலவரம் மூண்டு, பிரிட்டிஷ் படைகள் வரவழைக்கப்பட்டன. மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றபோது அது நிலைக்கும் என்று பந்தயம் கட்ட யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் எடுத்த முடிவுகளில் இரண்டு எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களிடம் இருந்த பெரிய கரும்புத் தோட்டங்களை அவர் நாட்டுடைமையாக்காமல், சர்க்கரை ஏற்றுமதியின் மீது வரி விதித்து, அந்த வருவாயைக் கொண்டு கல்வி, மருத்துவம், அரிசி மானியம் ஆகியவற்றை நடத்தினார். விடுதலையை எதிர்த்த கட்சியின் தலைவரான கேத்தான் டுவாலை 1969இல் தம் கூட்டணி அரசுக்குள் சேர்த்துக்கொண்டு, வெளிநாட்டு முதலீட்டைத் தேடும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. பேராசிரியர் எட்வார்ட் லிம் ஃபாட் முன்வைத்த யோசனை அது. வேலி போட்டு அடைத்த ஓரிடமாக அந்த மண்டலம் இருக்கவில்லை. தீவின் எந்த ஊரிலும் ஏற்றுமதிக்காகத் தொழிற்சாலை தொடங்குபவருக்கு இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் இறக்குமதி வரி இல்லை, சில ஆண்டுகளுக்கு இலாப வரியும் இல்லை. கரும்பில் கிடைத்த இலாபத்தைத் தோட்ட முதலாளிகளே ஆடைத் தொழிற்சாலைகளிலும் விடுதிகளிலும் போட்டார்கள். ஹாங்காங் முதலீட்டாளர்களும் வந்தார்கள். தோட்டங்கள் பறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பணம் தீவிலேயே தங்கியிருக்காது என்பது என் கருத்து.

ராம்கூலத்தைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. 1971 வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு அவசரநிலை கொண்டுவரப்பட்டது. தேர்தல் 1976 வரை தள்ளிவைக்கப்பட்டது. சர்க்கரை விலை ஏறிய 1970களின் நடுவில் அரசு தாராளமாகச் செலவு செய்தது. விலை சரிந்ததும் கடன் பெருகி, சர்வதேச நாணய நிதியத்திடம் போகும் நிலை வந்தது. 1979இலும் 1981இலும் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1982 தேர்தலில் மக்கள் அவரது அரசை அடியோடு தூக்கி எறிந்தார்கள். பிரதான தீவின் 60 இடங்களையும் எதிரணியே வென்றது.

உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தோல்விக்குப் பின் நடந்தவற்றில் இருக்கிறது. வென்றவர்கள் இடதுசாரிகள். நிதியமைச்சரான பால் பெராஞ்சே, தொழிற்சங்கப் போராட்டங்களில் சிறை சென்றவர். நாணய நிதியத்துடன் ஒப்புக்கொண்ட செலவுக் குறைப்புச் சிக்கனத் திட்டத்தை அவர் கிழித்தெறிவார் என்று ஆதரவாளர்கள் எதிர்பார்த்திருக்க, கணக்கேடுகளைப் பார்த்தபின் அவர் அதையே தொடர்ந்தார். அதனால் கூட்டணி 1983இல் உடைந்தது, அவர் பதவி விலகினார். அடுத்த தேர்தலிலும் வென்ற பிரதமர் அனிருத் ஜக்நாத் வேறு நிதியமைச்சரை வைத்துக்கொண்டு அதே பாதையில் சென்றார். ஆட்சி மாறியது, கட்சிகள் உடைந்தன, ஏற்றுமதிக் கொள்கை மட்டும் அறுபடவில்லை. 1982இல் தோற்ற ராம்கூலமே அடுத்த ஆண்டு இறுதியில் நாட்டின் கவர்னர் ஜெனரலாக அமர்த்தப்பட்டார். தோற்றவரைச் சிறைக்கோ நாடுகடத்தலுக்கோ அனுப்பாத இந்தப் பண்பாட்டை, எந்த வரிச் சலுகைக்கும் குறையாத பொருளாதாரச் சொத்தாக நான் கருதுகிறேன். இருபது ஆண்டுக் கணக்குப் போட்டு ஆலை கட்டுபவருக்கு, அடுத்த தேர்தலில் யார் வந்தாலும் ஆலை தன்னிடமே இருக்கும் என்ற உறுதி வேண்டும்.

ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்தவர்கள் 1980களின் இறுதியில் ஏறத்தாழ 90,000 பேராகப் பெருகினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1980களின் நடுவிலேயே ஆடை ஏற்றுமதி சர்க்கரையை முந்திவிட்டது. ஆனால் அந்தப் பெண்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, ஆண்களுக்குரியதைவிடக் குறைவாகவே நெடுநாள் வைக்கப்பட்டிருந்தது. இந்த வளர்ச்சியின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்கும் மாணவர்களிடம் இதை நான் மறைப்பதில்லை.

நல்வாய்ப்பும் இருந்தது. 1975இல் ஐரோப்பாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை, பெரும்பாலான ஆண்டுகளில் உலகச் சந்தையைவிட அதிக விலைக்கு விற்க முடிந்தது. ஆடைகளுக்கும் வளர்ந்த நாடுகளின் இறக்குமதி ஒதுக்கீட்டு முறை மறைமுகமாக உதவியது: ஹாங்காங் போன்ற பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு அது வரம்பு வைத்ததால், முதலீட்டாளர்கள் மொரீசியஸைத் தேடி வந்தார்கள். 2005இல் அந்த ஒதுக்கீட்டு முறை முடிந்தது. அதை அடுத்துச் சர்க்கரை விலையை ஐரோப்பா 36 விழுக்காடு குறைத்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த ராமகிருஷ்ண சித்தானென், தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். வருமான வரியையும் நிறுவன வரியையும் 15 விழுக்காடு என்ற ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்து, தொழில் தொடங்கும் நடைமுறைகளை எளிதாக்கி, நாட்டைச் சேவைத் துறைகளை நோக்கித் திருப்பினார். 2010 தேர்தலில் அவருடைய கட்சி அவருக்குப் போட்டியிட இடம் தரவில்லை. அவர் கொண்டுவந்த 15 விழுக்காட்டு வரி அவர் போன பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது.

இந்த அரசியல் இணக்கம் எல்லோரையும் உள்ளடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் பலர் பின்தங்கியே இருந்தார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த பாடகர் காயா 1999இல் காவலில் இறந்தபோது தீவே கலவரத்தில் எரிந்தது. பிரதமர் பதவியும் பெரும்பாலும் ராம்கூலம், ஜக்நாத் என்ற இரு குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது. ஆனாலும் 2003இல் ஜக்நாத் முன்பே செய்துகொண்ட உடன்பாட்டின்படி விலகி, அதே பெராஞ்சேயிடம் பதவியை ஒப்படைத்தார். அவர் 2005 தேர்தலில் தோற்றதும் வழக்கம்போல விலகிச் சென்றார்.