ட்ரோம்சோ – லாங்யர்பியன்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வி: வட நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்யர்பியனுக்கு எவ்வளவு தூரம் சார்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: வான்வழியில் சுமார் 957 கி.மீ. நேரடி விமானம் என்றால் 1 மணி 40 நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

கேள்வி: ஓரிடத்தில் 517 என்று பார்த்தேனே?

பதில்: அது கடல் மைல். 1.852-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

கேள்வி: வரைபடத்தில் பார்த்தால் சென்னை – டெல்லி தூரத்தைப் போல இரண்டு மடங்கு தெரிகிறது. இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போக முடியும்?

பதில்: நீங்கள் பார்த்தது மெர்கேட்டர் வரைபடம். துருவத்தை நெருங்க நெருங்க அது நிலத்தையும் கடலையும் இழுத்து நீட்டிவிடும். லாங்யர்பியன் பக்கம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நிஜத்தில் இந்தத் தூரம் சென்னை – டெல்லியில் பாதியை ஒட்டித்தான் வரும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் அட்சரேகை வித்தியாசம் எட்டரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல். ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்தாலே 950-ஐத் தொட்டுவிடும். விமானம் ஏறக்குறைய நேர் வடக்கே போவதால் கணக்கு இவ்வளவு எளிது.

கேள்வி: கார், கப்பல்?

பதில்: நடுவே கடல், சாலைக்கு வழியே இல்லை. வழக்கமான பயணிக் கப்பலும் ஓடுவதில்லை. கோடையில் சுற்றுலாக் கப்பல்கள் போகும், ஆனால் அவை பல நாள் பயணம்.

கேள்வி: நார்வேக்குள்தானே போகிறோம், ஷெங்கன் விசா ஒன்று போதுமா அண்ணா?

பதில்: இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதிக்கு, வெளியே இருக்கிறது. அங்கே போக விசா வேண்டாம். ஆனால் ட்ரோம்சோவில் கடவுச்சீட்டைக் காட்டி ஏறும்போதே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு முறையோ பல முறையோ நுழைய அனுமதிக்கும் விசாவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் திரும்ப நுழைய வழியில்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஆஸ்லோவிலிருந்து வரும் விமானம் ட்ரோம்சோவில் நின்று போனால், இந்தச் சோதனைக்காக எல்லோரும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். அதற்கும் நேரம் வையுங்கள்.

கேள்வி: திரும்பும் அன்றே வேறு விமானம் பிடிக்கலாமா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடுபனியோ காற்றோ மோசமானால் விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போவது உண்டு. பக்கத்தில் இன்னொரு பெரிய விமான நிலையம் கிடையாது. ஒரு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நவம்பர் தொடக்கத்தில் போகலாமா?

பதில்: தாராளமாக. ட்ரோம்சோவில் அப்போதும் பகலில் சில மணி நேரம் சூரியன் இருக்கும். லாங்யர்பியனில் அக்டோபர் கடைசியிலேயே மறைந்த சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் அடிவானத்துக்கு மேல் வரும். ஜன்னலோரம் மலை பார்க்கத்தான் ஆசை என்றால் ஏப்ரல், மே நல்லது.

கேள்வி: இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தையும் அப்படியே பார்த்துவிடலாமா?

பதில்: 2008-இல் தொடங்கிய ஹிமாத்ரி இருப்பது நி-ஆலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில், லாங்யர்பியனிலிருந்து இன்னும் நூறு கி.மீ.க்குச் சற்று மேல். சிறிய டோர்னியர் விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த விமானம் ஆய்வுக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கானது. கோடையில் அந்தப் பக்கம் போகும் சுற்றுலாக் கப்பலைப் பாருங்கள்.