டிஎன்ஏவைச் சரிசெய்யும் மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் கடல்பாசி எடுக்கிறேன். வயது 44. முகமும் கையும் 60 வயதுக்காரி மாதிரி சுருங்கிவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் மகன் என்எம்என் மாத்திரை அனுப்பியிருக்கிறான். டிஎன்ஏவைச் சரிசெய்து முதுமையைத் தள்ளிப்போடுமாம். டெலோமெரேசைத் தூண்டும் மாத்திரையும் வாங்கவா என்கிறான். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது.

பதில்: சகோதரி, இரண்டாவது மாத்திரை வேண்டவே வேண்டாம். செல் பிரியப் பிரிய, டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோம்களின் முனை தேயும். அதை நீட்டித் தருகிற நொதிதான் டெலோமெரேஸ். 1984-ல் கண்டுபிடித்தார்கள், 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் வரை இதே நொதியை வைத்துத்தான் ஓயாமல் பெருகுகின்றன. உங்கள் அம்மாவுக்கு நோய் இருந்திருக்கும்போது அதைச் சீண்டிப் பார்க்கக் கூடாது.

என்எம்என், உடம்பில் என்ஏடி என்ற பொருளாக மாறும். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பார்ப், சர்டுயின் நொதிகளுக்கு அது தேவை. மாத்திரை ரத்தத்தில் என்ஏடியைக் கூட்டுவது உண்மைதான். ஆயுளைக் கூட்டும் என்று மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. உடம்பு என்ஏடி செய்துகொள்ளப் பயன்படுத்தும் நியாசின் என்ற வைட்டமின், சூரை மீனிலும் நிலக்கடலையிலும் தாராளமாக இருக்கிறது.

உங்கள் தோலுக்கு உண்மையான எதிரி வெயில். டிஎன்ஏ, எழுத்துகள் போன்ற வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோத்த இரட்டை இழை. புற ஊதாக் கதிர் பட்டால் அதில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்கின்றன. கரையில் உட்கார்ந்து வலை பழுதுபார்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள்: கிழிசலைச் சுற்றி வெட்டிவிட்டு, கிழியாத வலைக்கண்ணை அளவு பார்த்துப் பின்னுவார். நொதிகளும் அப்படியே. கெட்ட இடத்தைச் சுற்றிச் சுமார் 30 எழுத்துகளை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்புகின்றன. தினமும் கிழிசல் கூடினால் சில தப்பிப்போகும். தண்ணீருக்குள் வெயில் படாது என்று நினைக்காதீர்கள். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள புற ஊதாவில் சுமார் 40 சதவீதம் இருக்கும்.

பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றுகிறீர்கள், இல்லையா? அதே அக்கறை கழுத்துக்கும் முகத்துக்கும் வேண்டும். முழுக்கைச் சட்டை, காதையும் பிடரியையும் மூடும் துணி. கடல் வற்றும் நேரம் நம் கையில் இல்லை, சரி. ஆனால் பாசி காயப்போடும் வேலையையாவது 10 மணிக்கு முன்பும் 4 மணிக்குப் பின்பும் வைத்துக்கொள்ளலாம். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அதுவும் டிஎன்ஏவைக் கெடுக்கும்.

ஆறாத புண்ணோ நிறம் மாறும் மச்சமோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதைவிட அவசரம், மார்பகப் பரிசோதனை. அம்மாவுக்கு எந்த வயதில் நோய் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் அதைக் கேட்பார்.