பக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, எங்கள் ஊருக்கு என்ன பயன்?

கேள்வி: ஆண்டுதோறும் பல்கலைக்கழக மாணவர்கள் எங்கள் ஊருக்கு வந்து முகாம் போடுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் வருவதில்லை. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. இதற்குப் பல்கலைக்கழகத்தை அணுகலாமா? யாரைப் பார்ப்பது?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாக அணுகலாம். ஆனால் "எங்கள் ஊருக்கு உதவுங்கள்" என்று பொத்தாம்பொதுவாக மனு எழுதாதீர்கள். அது பதிவாளர் அலுவலகத்தில் கோப்போடு கோப்பாகக் கிடக்கும். "எங்கள் ஊரில் எந்தெந்தக் கிணற்றில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் உப்பு அது. பல்லில் கறை படிய வேறு காரணங்களும் உண்டு என்றாலும், ஊரில் பல பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி படிகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபுளோரைடைத்தான்.

உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காந்தியவாதிகளான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்தெடுத்த காந்திகிராமத்தில் 1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனம் அது. கற்பித்தல், ஆராய்ச்சி என்ற இரண்டுக்கும் இணையாக, மக்களிடம் போய்ச் சேரும் விரிவாக்கப் பணியையும் தன் கடமையாக வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் கோரிக்கையைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம். வேறு பல்கலைக்கழகம்தான் பக்கம் என்றாலும் வழிமுறை ஏறத்தாழ இதேதான்.

நேராக வேதியியல் துறைத்தலைவரைப் பாருங்கள். முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுத் திட்டம் உண்டு. அதற்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரையும் சந்தியுங்கள். அடுத்த ஏழு நாள் முகாமில் கன்று நடுவதோடு தெருவாரியாக நீர் மாதிரி எடுக்கும் வேலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். மத்திய அரசு 2014-இல் கொண்டுவந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்ந்த கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று அதன் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். பயிர், மண் சம்பந்தமாக ஏதும் இருந்தால் வேளாண் அறிவியல் நிலையம் போதும்.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடிப் புட்டி ஆகாது. சுத்தமான பிளாஸ்டிக் புட்டிதான் ஏற்றது. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் புட்டியை அலசிய பிறகு நிரப்புங்கள். மேல்நிலைத் தொட்டியில் பல கிணற்று நீர் கலக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு கிணற்றிலும் தனித்தனியே பிடியுங்கள். தெரு, கிணற்றின் ஆழம், தேதி மூன்றையும் புட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியக் குடிநீர்த் தரம்.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிவைக் கிராம சபையில் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மக்கள் வேலையை விட்டு நின்று பதில் சொன்ன கணக்கெடுப்பு, பட்டத்துக்கான ஆய்வேடாகி அலமாரியில் முடங்குவது பெரும் அநியாயம். கிராம சபை கூடும் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், இதற்குப் பொருத்தமான நாள்.

பல்கலைக்கழகம் குழாய் பதிக்காது. அதற்கு அதனிடம் நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. அது தரும் அறிக்கையை இணைத்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாற்று நீராதாரம் கேட்டுத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வாரியத்தின் ஆய்வகத்திலும் ஒருமுறை சோதித்துக்கொண்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஒன்றைச் செய்யுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பற்கள் உருவாகிற பருவமான எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரோ சுத்தமாகச் சேமித்த மழைநீரோ கிடைத்தால், அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் முதலில் அதைக் கொடுங்கள்.