"உமது கிருபைகள் எங்கே?" என்று கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. கணவர் மாரடைப்பில் இறந்து ஏழு மாதம் ஆகிறது. குடும்ப ஜெபத்தில் 136ஆம் சங்கீதம் வாசித்தால் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று மறுமொழி சொல்ல வாய் வருவதில்லை. எங்கே அந்தக் கிருபை என்றுதான் மனதில் ஓடுகிறது. "முறுமுறுக்காதே, பாவம்" என்கிறார் மாமியார். எனக்கும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்பது வேதத்திலேயே இருக்கிறது. "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று தொடங்கும் அதே 89ஆம் சங்கீதம்தான், 49ஆம் வசனத்தில் "உமது பூர்வகாலத்துக் கிருபைகள் எங்கே?" என்கிறது. 37ஆம் வசனம்வரை துதியும் தாவீதுக்குக் கொடுத்த வாக்கும். 38இல் "ஆனாலும்" என்று திரும்பி, நீர் எங்களைத் தள்ளிவிட்டீர் என்று முகத்துக்கு நேரே முறையிடுகிறது.

கிருபைக்கு எபிரேயத்தில் ஹெசெத். திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பில் அது 'பேரன்பு'. வெறும் இரக்கமல்ல, உறவில் கொடுத்த வாக்கைக் கைவிடாத அன்பு. வாக்கு இருப்பதால்தான் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

முறுமுறுப்பு வேறு. சங்கீதம் 106:25இல் ஜனங்கள் தங்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள், கர்த்தரிடம் பேசவில்லை. சங்கீதக்காரனோ "நீர்" என்று அவரிடமே பேசுகிறான். மாமியாரோடு சேர்ந்து இதை வாசியுங்கள். அவரும் மகனை இழந்தவர்.

13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, உங்கள் நான்கு "எதுவரைக்கும்" எழுதுங்கள். பொதுவாக "ஏன் இந்தக் கஷ்டம்" என்று வேண்டாம், "இரவு 2 மணிக்கு விழித்து வெறும் தலையணையைப் பார்ப்பது எதுவரைக்கும்?" என்று எழுதுங்கள். பிறகு 3ஆம் வசனம்போல ஒரே ஒரு விண்ணப்பம். அதோடு நோட்டை மூடிவிடுங்கள். குற்ற உணர்வில் பலர் உடனே 5ஆம் வசனத்தின் நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறார்கள். சொல்லாத கோபம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த வரி தானாக வரும்வரை எழுத வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் எழுதினால் தூக்கம் கெடலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாமல் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி, இலவசம்.

136ஆம் சங்கீதத்தின் மறுமொழி 26 முறை வருகிறது. கூடியிருப்பவர்கள் சேர்ந்து சொல்வது அது. இப்போதைக்கு வீட்டார் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்.