ஓடும் வண்டியில் தெரியும் சின்ன அலை: விஎஃப்-ஆ, தட்டைக் கோடா?
நண்பரே, கடலூர்–புதுச்சேரி சாலையில் ஆம்புலன்ஸ் ஓடும்போது மானிட்டரில் தெரிந்த சின்ன அலையை விஎஃப் (இதயக் கீழறை தாறுமாறாக நடுங்குவது) என்பதா, தட்டைக் கோடு (இதயத்தில் மின்துடிப்பே இல்லாத நிலை) என்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். குலுக்கலும் நெஞ்சழுத்தமும் விஎஃப் போலவே அலை போடும். அழுத்தத்தை நிறுத்தி, 10 நொடிக்குள் கழுத்து நாடியையும் திரையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்கேல் வைத்து இழுத்தது போல் கோடு நேராக இருந்தால் லீட் (மார்பிலிருந்து மானிட்டருக்குப் போகும் இணைப்பு) கழன்றிருக்கலாம். ஒயரைச் சரிபார்த்து, கெயினை (திரையில் அலை தெரியும் அளவை) கூட்டி, வேறு லீடுக்கு மாற்றிப் பாருங்கள். வியர்த்த மார்பில் பேட் ஒட்டாது, நம்மூர்ப் புழுக்கத்தில் துடைத்துவிட்டே ஒட்டவேண்டும்.

விடி (கீழறை மிதமிஞ்சிய வேகத்தில் துடிப்பது) அல்லாத ஒழுங்கான அலை இருந்தும் நாடி இல்லையென்றால் அது பிஇஏ, அதாவது மின்துடிப்பு இருந்தும் நாடி இல்லாத நிலை. இங்கேதான் ஏமாந்துபோவோம். அதற்கும் தட்டைக் கோட்டுக்கும் ஷாக் கூடாது: அழுத்தமும், 3–5 நிமிடத்துக்கொருமுறை அட்ரினலின் 1 மி.கி.யும்தான். விஎஃப், நாடியில்லாத விடி என்றால் உடனே ஷாக், கையோடு 2 நிமிட அழுத்தம்.