பனிமேல் தாகம்

அன்புள்ள ஐயா,

தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் 1912-இல் உயிரிழந்த பிரிட்டிஷ் பயணி ஸ்காட், அவர் குழுவின் கடைசிப் பயணம் பற்றிய கட்டுரையில், மண்ணெண்ணெய் குறைந்ததால் அவர்களுக்குக் குடிநீருக்கே தட்டுப்பாடு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். சுற்றிலும் பனி கிடக்கிறதே, அள்ளித் தின்றால் தாகம் தீராதா? அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் 20 லட்சம் ஆண்டுகளாக ஒரு துளியும் விழவில்லை என்பது உண்மையா? ஸ்காட்டுக்கு விதி துணை நிற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சில நாட்களாக நானும் அந்த மண்ணெண்ணெய் டின்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்; அதனால் உடனே எழுதுகிறேன்.

பள்ளத்தாக்குகளை முதலில் முடித்துவிடுவோம். 20 லட்சம் ஆண்டுக் கதை வாட்ஸ்அப்பில் சுற்றுவது. மக்மர்டோ என்னும் அந்த வறண்ட பள்ளத்தாக்குகளில் பனி பெய்யத்தான் செய்கிறது. நீராகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லிமீட்டருக்குள் அடங்கும், அதிலும் பெரும்பகுதியை மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் உலர்காற்று உருகவிடாமலே ஆவியாக்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதும் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

தாகம் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் ஆகும் வெப்பத்தைக் கொண்டு, உருகிய அந்த நீரை 80 டிகிரிவரை சுடவைத்துவிடலாம். அடுப்பு தராத வெப்பத்தை உடம்புதான் தரவேண்டும். அரைவயிற்றோடு சறுக்குவண்டி இழுப்பவனிடம் அது ஏது? போதாக்குறைக்கு, மைனஸ் 40 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 கிராம் அளவு ஈரம்தான் நிற்கும். நுரையீரலுக்குள் போனதும் அதே காற்று 40 கிராமுக்கு மேல் ஏற்றிக்கொள்கிறது, மூச்சை விடும்போது அதில் பெரும்பகுதி நம்மை விட்டுப் போய்விடுகிறது. 1911 குளிர்காலத்தில் பென்குவின் முட்டைக்காகக் கேப் குரோசியர் என்ற கடல்முனைக்குச் சென்ற ஸ்காட் குழுவினர் மூவரின் உறக்கப்பைகள், மூச்சும் வியர்வையும் உறைந்து நாளுக்கு நாள் கனத்தன. உடம்பு இழந்த நீரையே அவர்கள் வண்டியில் வைத்து இழுத்தார்கள்.

ஆகவே அங்கே எண்ணெய் இருந்தால்தான் தண்ணீர். இதைப் புரிந்துகொண்ட பிறகும் விதி என்று எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். ஸ்காட்டின் டின் மூடிகளில் தோல் வாஷர் இருந்தது. கடுங்குளிரில் அது கெட்டுப்போக, இடுக்கு வழியே மண்ணெண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் தீர்ந்தது. 1912 மார்ச் 1 அன்று, வழியில் சேமித்து வைத்திருந்த இடத்தை அடைந்தபோது எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மார்ச் 5 நாட்குறிப்பின்படி, ஒரு கோப்பை கோகோவும், குளிர்ச்சி மட்டும் போகச் சூடாக்கிய கெட்டிப் பெமிக்கனும் (உலர் இறைச்சியும் கொழுப்பும் கலந்த உணவு)தான் இரவு உணவு. காலையிலும் அதே பெமிக்கன், அப்படி உண்பதே பிடித்திருப்பதாகப் பாவனை வேறு! இதில் கொடுமை என்னவென்றால், 1901–04இல் தாம் மேற்கொண்ட முந்தைய அண்டார்க்டிகப் பயணத்தைப் பற்றிய தம் நூலிலேயே, மண்ணெண்ணெய் டின்களின் தக்கை மூடி பெருங்குறை என்று ஸ்காட் எழுதியிருந்தார். தக்கை போய்த் தோல் வந்தது, கசிவு நிற்கவில்லை. ஸ்காட்டுக்கு முன்பே துருவத்தை அடைந்த நார்வேக்காரர் ஆமுண்ட்சென் தம் டின்களைப் பற்றவைத்து அடைத்திருந்தார். ஸ்காட்டோ, இந்தக் குறைவுக்குக் காரணம் தெரியவில்லை என்று தம் இறுதிச் செய்தியில் எழுதினார்.

மார்ச் 29 அன்று நாட்குறிப்பு நின்றபோது அடுத்த சேமிப்பிடம் சுமார் 20 கிலோமீட்டரில் இருந்தது. கடைசி நாட்களில் கூடாரத்தைவிட்டு வெளியேறவிடாத பனிப்புயலை நீங்கள் குற்றம் சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். கூடவே அந்த வாஷரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.